வாடிய துளசிக்கு மாற்றுச் செடி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் யோசித்தேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுத வருமா என்பது ஒரு தயக்கம். சாமி காரியத்தைக் குறை சொல்கிறாள் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்பது அதைவிடப் பெரிய தயக்கம். ராமநாதசுவாமி என் மனசை அறிவார் என்று நம்பி எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரருக்கு மதுரையில் இருதய ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முன்னால் ராமேஸ்வரம் போய் அக்னி தீர்த்தத்தில் முழுகி, சாமி கும்பிட்டு வந்தார். அவர் வந்த கொஞ்ச நாளிலேயே எங்கள் முற்றத்துத் துளசி வாட ஆரம்பித்தது. இலை ஓரமெல்லாம் கருகி, கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. அவருடைய அம்மா இறந்த மாசமும் துளசி இப்படித்தான் பட்டுப்போனது. அதை அவர் மறந்திருக்க மாட்டார். அவர் கண்ணில் படுவதற்குள் அதே போல் ஒரு செடியை வைத்துவிட வேண்டும் என்று, பாத்திரக்கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ராமநாதபுரத்தைத் தாண்டி ராமேஸ்வரம் ரோட்டில் ஒரு நர்சரி. பச்சை வலைக்குக் கீழே இலை அசையவில்லை. கழுத்தில் ஜெபமாலை போட்ட அக்காள்மடம் என்ற ஊர்ப் பெண் ஒருத்திதான் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒவ்வொரு துளசியாகத் தூக்கி என் முழங்கையோடு வைத்து அளந்தேன்.

"என்னக்கா, பொண்ணு பாக்க வந்த மாதிரி அளக்குறீக?"

"இம்புட்டு உசரம் வேணும்மா. ஒரு கிளை இந்தப் பக்கமா சாஞ்சிருக்கணும்."

"ஆள் மாறாட்டமா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இருந்த செடி என்னாச்சு?"

"பட்டுப்போச்சு."

"என்ன தண்ணி ஊத்துனீக?"

"குழாய்ல வர்ற காவிரித் தண்ணிதான்."

"நல்ல தண்ணிக்கு ஏங்க்கா படுது?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். அளந்துகொண்டிருந்த செடியை நான் அப்படியே கீழே வைத்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்தவள், "வீட்டுல யாருக்காவது மேலுக்கு முடியலையா? மாதாகிட்டச் சொல்றேன், தைரியமா போங்க" என்றாள். செடியை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, பஸ் குலுங்கும்போதெல்லாம் மடியில் ஒவ்வோர் இலையாக உதிர்ந்தது. பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

அவர் தூங்கும்போது செடியை மாற்றி வைத்தேன். நாலைந்து நாளில் அதுவும் தலை சாய்ந்தது. இலை ஓரம் அதே கருகல்.

மதுரைக்குக் கிளம்ப வேண்டிய அன்று விடியலில் வாசல் தெளிக்க எழுந்தேன். துளசி மாடத்தருகே அவர் நின்றிருந்தார். கையில் ராமேஸ்வரத்திலிருந்து கொண்டுவந்த வெள்ளைக் கேன்.

"செடிய மாத்துனா எனக்குத் தெரியாதா புள்ள?" என்றார். "வாடுதேன்னுதான் தீர்த்தம் ஊத்துறேன். இது தழைச்சா நானும் தப்பிச்சிருவேன்னு ஒரு நெனப்பு."

கேனில் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது.

"ஏங்க, இது கடல் தண்ணியால்ல இருக்கு!"

"தீர்த்தம்டி."

"தீர்த்தந்தான். கடல் தண்ணியுந்தான். செடிக்கு உப்பு ஆகுமா?"

அவரும் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். நாள் குறித்ததிலிருந்து அவர் சிரித்தது அன்றுதான். "நானே கொன்னுட்டு, நானே பயந்துகிட்டுக் கெடந்திருக்கேன்" என்றார். இரண்டு பேரும் குடம் குடமாகக் காவிரித் தண்ணீர் ஊற்றி மண்ணை அலசிவிட்டோம். அந்தச் சிரிப்போடுதான் பஸ் ஏறினார்.

ஆபரேஷனிலிருந்து அவர் திரும்பவில்லை.

காரியமெல்லாம் முடிந்து முற்றத்துக்கு வந்தபோது, அந்தச் செடியின் கணுவில் பச்சையாகத் துளிர் விட்டிருந்தது. இன்றும் அதற்குத்தான் விளக்கு ஏற்றுகிறேன்.

தெருவில், "துளசி முன்னாடியே சொல்லிருச்சு" என்கிறார்கள். சிலர் தீர்த்தத்தையே பழிக்கிறார்கள். இரண்டும் இல்லை. படிக்கிற நீங்கள் நாலு பேருக்குச் சொல்வதானால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். உப்பை விட்டுவிடாதீர்கள். பயம் தெளிந்து, சிரித்துக்கொண்டு போனார் என்பதையும் விட்டுவிடாதீர்கள்.