கதவோரத்துத் தட்டுகள்

நரம்புக் கலம் வளரும்போது நீளமான கிளையொன்றை நீட்டும். அந்த வளர்ச்சியில் சில நொதியங்களுக்குப் பங்குண்டு. அவை புரதங்களில் பொஸ்பேட்டை ஒட்டி, அந்தப் புரதங்கள் வேலை செய்யும் விதத்தையே மாற்றிவிடும். அப்படியொரு நொதியத்தை மருந்தால் தடுத்தால் கிளை குட்டையாகிறது என்று மொன்றியலில் எங்கள் ஆய்வுகூடத்து அண்ணை ஒருவர் கண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், முனைவர் பட்டத்தின் கடைசி வருடம். நான் அங்கே தொழில்நுட்ப உதவியாளர்.

அவருடைய படங்கள் அளவுக்கு மீறி அழகாக இருந்தன. கலங்களை வளர்க்கும் தட்டுகளில், மருந்திட்டவற்றில் ஒரு கிளைகூட நீளவில்லை. உயிருள்ள கலங்கள் இவ்வளவு சொல்வழி கேட்டு நான் பார்த்ததில்லை.

முதல் சந்தேகம் ஆளில்: குட்டையானவற்றைத் தேடிப் படமெடுக்கிறாரோ? எந்தத் தட்டு எதுவென்று தெரியாதபடி பெயர்களை மறைத்துக் கொடுத்தேன்.

"என்ன பிள்ளை, என்னில சந்தேகமோ?"

"உங்களில இல்லை அண்ணை. படத்திலதான்."

"படம் எடுத்தது நான்தானே!"

"ஓம்."

சிரித்துவிட்டார். "இது பிழைச்சா தீசிஸும் இல்லை. பேந்து டோர்வல் கிடங்குகளில பெட்டி தூக்க வேண்டியதுதான்."

மறைத்தும் முடிவு மாறவில்லை. இரண்டாவது சந்தேகம் மருந்தில். புதுப் புட்டியும் அதையே காட்டியது. மூன்றாவது, கலங்களைச் சூடாக வைத்திருக்கும் இன்குபேட்டரில். மருந்தை நாள்தோறும் மாற்ற வேண்டும் என்பதால் அந்தத் தட்டுகளைக் கதவோரம் வைப்பது எங்கள் பழக்கம். மருந்தில்லாதவை பின்னால் இருக்கும். எல்லோரும் திறந்து மூடும் கதவு அது. ஒவ்வொரு முறையும் குளிர்வது முன்வரிசைதான்.

அவரிடம் சொல்லிவிட்டே இடத்தை மாற்றினேன்.

அடுத்த கிழமை மருந்திட்ட கலங்கள் பின்னாலிருந்து தாராளமாகக் கிளை நீட்டியிருந்தன. மருந்தில்லாதவை கதவோரத்தில் குட்டையாக நின்றன.

அண்ணை நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்க வெகுநேரமானது.

"அப்ப நொதியம் ஒண்டும் செய்யேல்லையோ?"

"அது தெரியாது அண்ணை. கதவு செய்திருக்கு."

"ஆருக்கும் சொன்னனீரோ?"

அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. "இன்னும் இல்லை" என்றேன். ஆய்வுகூடத்தை நடத்தும் பேராசிரியருக்கு எழுதி, அனுப்பாமல் வைத்திருந்த மின்னஞ்சலில் படங்களை ஏற்கெனவே இணைத்து வைத்திருந்தேன்.

அவர் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியேறினார். மெட்ரோவுக்குப் போவதென்றால் இடப்பக்கம் திரும்ப வேண்டும். காலடிச் சத்தம் வலப்பக்கம் போனது. பேராசிரியரின் கதவை அவர் தட்டுவது கேட்ட பிறகுதான், அனுப்பும் பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன்.