ரோலருக்கு லீவு

ஆற்றங்கரையில் இப்போது புல் வளர்த்திருக்கிற இடத்தில்தான் நாகலெட்சுமி குடியிருந்த ஒற்றையறைக் காம்பரா இருந்தது. அடுப்பு இருந்த மூலையில் ஹோட்டல்காரர்கள் பெரிய குடை நட்டு நாற்காலி போட்டிருக்கிறார்கள். தினமும் அதைத் துடைப்பவள் நாகலெட்சுமி. தன் அடுப்படியையே சம்பளத்துக்குத் துடைக்கிற பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்!

அப்போது அங்கே ஓர் ஊரே இருந்தது. நடுவில் ஸ்டோர், தேயிலைத் தொழிற்சாலைக்குத் தோட்டத்தில் அதுதான் பெயர். சுற்றிலும் தொழிலாளர் குடியிருந்த லயங்கள், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விடும் பிள்ளைக்காம்பரா, ஒரு மாரியம்மன். ஸ்டோர் சங்கு ஊதினால்தான் யார் வீட்டிலும் உலை ஏறும். ஸ்டோரை நடத்துகிற டீமேக்கர் ஐயா மூக்கால் பேசுவார்.

"என்னாங்கடி இது, கொழுந்தா, கீரக்கட்டா?"

அவர் முதுகு திரும்பியதும் கொழுந்தை உருட்டிக் கசக்கும் ரோலர் மெஷினை ஓட்டுகிற ஆண்டியப்பன் அதே மூக்கால் சொல்லிக் காட்டுவான். மெஷின் இரைச்சலை மீறிச் சிரிப்பு கேட்கும். நாகலெட்சுமி அந்தச் சிரிப்புக்குத்தான் அவனைக் கட்டிக்கொண்டாள்.

ஒரு நாள் அவன் சட்டைக் கை ரோலரில் மாட்டியது. முதலில் கை போனது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன லொறி நானுஓயாவைத் தாண்டுவதற்குள் உயிரும் போனது.

ஆயுத பூசையன்று மெஷின்களுக்கு லீவு. கழுவி, சந்தனம் பூசி, பொட்டு வைத்துச் சும்மா விடுவார்கள். அந்த வருடம் டீமேக்கர் ஐயா குங்குமத் தட்டை அவளிடம் நீட்டினார்.

"ரத்தம் குடிச்ச மெஷினு. நீ வச்சாத்தான் அடங்கும்."

இன்னொருத்தன் கை போகக் கூடாதென்று வருடாவருடம் வைத்தாள். போகவில்லை.

பிறகு கொழுந்தை வேறு ஸ்டோருக்கு ஏற்றினார்கள். சங்கு நின்றது. மெஷின்கள் பழைய இரும்புக்குப் போயின. சனம் ராகலைக்கும் கொழும்புக்கும் அரபு நாட்டுக்கும் போனது. லயங்களை உடைத்தார்கள். மாரியம்மனை யாரோ வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஸ்டோர் ஹோட்டலானது.

ஆண்டியப்பனின் ரோலர் மட்டும் தப்பியது. பச்சைப் பெயின்ட் அடித்து ஹோட்டல் முன்மண்டபத்தில் நிறுத்தினார்கள். அதைக் கேள்விப்பட்டுத்தான் ராகலையில் மகள் வீட்டில் இருந்தவள் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு வந்தாள்.

ஆயுத பூசைக்கு முதல் நாள் மேனேஜர் தரணிதரனிடம் கேட்டாள். ஹட்டன் பையன், வாயில் சூடான கிழங்கை வைத்துக்கொண்டது போலப் பேசுவான்.

"ஒரே ஒரு பொட்டுங்கய்யா. அம்புட்டுதான்."

"நோ நோ அம்மா. புதுப் பெயின்ட். கறை பட்டா என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாங்க. அதுக்கு முந்தி நா ஒங்கள அனுப்பிருவேன்."

மறுநாள் காலையில் வைத்துவிட்டாள். வரவேற்பு மேசையிலிருந்த பிரியந்தி பதறினாள்.

"ஐயோ அத்த, வேல போயிரும்!"

"போனாப் போவுது. இதுக்குத்தானடி வந்தேன்."

தரணிதரன் வந்தபோது இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் பொட்டு வைத்த ரோலரைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். திட்டத் திறந்த வாய் பாதியில் பல்லைக் காட்டியது.

"பிரமாதம் அம்மா! நாளையில இருந்து தெனமும் வைங்க. நாலு மணி டீக்கு. செவப்புச் சேல, தலையில பூ."

"நா புருசன் இல்லாதவங்க. இந்த மெஷினுலதான் அவரு போனாரு."

"அந்தக் கதையும் சொல்லுங்க, பிரியந்தி இங்கிலீஷ்ல சொல்லும். கொஞ்சம் சிரிச்ச மொகமா."

விட்டுவிட்டுப் போகலாம். போனால் நாளைக்கு வேறு எவளோ ஒருத்தி சிவப்புச் சேலையோடு அந்த ரோலரைத் தொடுவாள். நாகலெட்சுமி சேலையைக் கட்டினாள். ஆண்டியப்பன் தினமும் நாலு மணிக்குச் செத்தான். மழையில் கூட்டம் குறைந்தால் பிரியந்தி அவனைச் சுருக்கமாகச் சாகடித்தாள்.

அடுத்த ஆயுத பூசை வந்தது. நாகலெட்சுமி பழைய சேலையோடு வந்து, ரோலரில் காய்ந்திருந்த சந்தனத்தையெல்லாம் ஈரத்துணியால் துடைத்தெடுத்தாள். நாலு மணிக்குத் தரணிதரன் ஓடி வந்தான்.

"அம்மா, கெஸ்ட் எல்லாம் வந்தாச்சு! பொட்டு எங்க?"

"இன்னிக்கு பூசைங்கய்யா. மெஷினுக்கு வேல குடுக்கப்படாது."

"இது ஓடாத மெஷின் அம்மா!"

"பொட்டு வச்சிக்கிட்டு நிக்கிறதுதானே அதுக்கு நீங்க குடுத்திருக்கிற வேல?"

துணியைப் பிழிந்துகொண்டே ஆற்றங்கரைக்கு நடந்தாள். தன் அடுப்பு மூலையில் கிடந்த நாற்காலியில் முதல்முறையாக உட்கார்ந்தாள்.

விருந்தாளிகள் பின்னாலேயே வந்து அதையும் படம் எடுத்தார்கள்.