சந்துக்கே தெரிந்த பின்கதவு

பட்டப்பகலில் எவனோ பின்கதவுத் தாழ்ப்பாளைப் பெயர்த்துவிட்டு உள்ளே வந்து, மிக்ஸியையும் மனைவியின் பட்டுப்புடவைகளையும் கொண்டுபோய்விட்டான். மறுநாள் எங்கள் கருவடிக்குப்பம் வீட்டுக்குப் புதுப் பூட்டு போட ஒருவர் வந்தார். ஒடிசலான ஆள், முன்வழுக்கை. வாயில் நாலு ஸ்க்ரூவைக் கவ்வியிருந்தும் அவர் குரல் சந்துமுனை வரை கேட்டது.

அதுதான் தொல்லை. சந்தில் போகிற யார் "இன்னா வேலை?" என்று கேட்டாலும், ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு விளக்கம் சொன்னார்.

"திருடன் பூந்துட்டான்மா. இந்தக் கதவுதான் வீக்கு. பகல்ல வீட்ல ஒருத்தரும் இருக்கறதில்ல, ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடறாங்க."

மீன்காரம்மாவிடம் சொன்னார். எதிர்மாடிக்காரரை அண்ணாந்து பார்த்துச் சொன்னார். கேட்காதவர்களையும் கூப்பிட்டுச் சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏங்க, அடுத்த திருடனுக்கு நீங்களே வழி காட்டறீங்களா?"

ஸ்க்ரூக்களை உள்ளங்கையில் துப்பினார். "அக்கறையா கேக்கறாங்க சார். சொல்லாம எப்பிடி?"

திரும்பிக்கொண்டு, சைக்கிளில் வந்தவரிடம் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

பூட்டு போட்டுச் சில நாள் ஆகிறது. நேற்று லீவு போட்டிருந்த நான், குப்பை கொட்டிவிட்டு வந்து அதே கதவைச் சாவி போட்டுத் திறந்தேன். எதிர்மாடியிலிருந்து "எவன்டா அது?" என்று அதட்டல் வந்தது. மீன்காரம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு என் பின்னால் வந்து நின்றார். திரும்பி முகத்தைக் காட்டி, "நான்தாம்மா" என்ற பிறகே நகர்ந்தார்.

அந்தப் பூட்டுக்காரர் யோசித்துத்தான் பேசினாரா, வெறும் ஓட்டைவாயா, இன்னும் எனக்குப் புரியவில்லை. என் வீட்டுக்குள் நுழைய எனக்கே இப்போது சாவி மட்டும் போதவில்லை.