ஷாஃப்ட் தட்டில் மல்லிகைப்பூ

தீர்த்தத்தைத் தெளித்து மிஷினைக் கெடுத்தவள் என்று என்னைப் பற்றி ஒரு பெரிய கம்பெனிக்குக் கடிதம் போயிருக்கிறது. இங்கிலீஷில் போயிருக்கிறது. இதை எழுத உட்காரும்போதுகூட எனக்குக் கோபம் ஆறவில்லை.

திண்டுக்கல்லில் நத்தம் ரோட்டுப் பக்கம் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறேன். பம்புக்கு உள்ளே சுற்றுகிற இரும்புத் தண்டுகள், அதாவது ஷாஃப்ட்டுகள், அங்கே தயாராகின்றன. கடைந்து, தேய்த்து முடித்த ஷாஃப்ட் சரியான நீளத்தில் இருக்கிறதா என்று அளந்து, தாளில் எழுதி, கையெழுத்துப் போடுவது என் வேலை. படித்தது பத்தாவது வரைக்கும். ஆத்தூர்ப் பக்கம் எங்கள் வீடு. வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் கத்தரித் தோட்டம். போன வருஷம் கிணறு கைவிட்டதிலிருந்து என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

முன்பெல்லாம் கையில் பிடிக்கிற கருவிகளால் அளந்தோம். இரண்டு வருஷத்துக்கு முன் முதலாளி பெரிய அளவு மிஷின் ஒன்றை வாங்கிப் போட்டார். கட்டில் அகலத்துக்குக் கருங்கல் மேசை, அதன் மேல் இறங்கி வருகிற ஊசி, ஊசி நுனியில் மிளகு அளவில் ஒரு சிவப்புக் கல் உருண்டை. அந்த உருண்டை ஷாஃப்டைத் தொட்டதும் கம்ப்யூட்டரில் அளவு விழும். தலைமுடியின் கனத்தைப் பல பங்காகப் பிரித்து அதில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் சொல்லிவிடும். கோயம்புத்தூரிலிருந்து வந்த சர்வீஸ் இன்ஜினியர் பத்து நாள் தங்கிச் சொல்லிக் கொடுத்தார். நான் தமிழில் நோட்டுப் போட்டு எழுதி எழுதிக் கற்றுக்கொண்டேன். அந்த மிஷின் எனக்குப் பிடித்திருந்தது. முகம் பார்த்துப் பேசாது. முதலாளி வைத்தாலும் நான் வைத்தாலும் ஒரே அளவைத்தான் காட்டும்.

மிஷினுக்கென்று தனி அறை கட்டி ஏ.சி. போட்டார்கள். எந்நேரமும் இருபது டிகிரி இருக்க வேண்டும். காரணம் எளிது. இரும்பு சூடானால் நீளும், ஆறினால் சுருங்கும். எங்கள் பட்டறைக்குத் தகரக் கூரை. அங்கிருந்து எடுத்து வந்த ஷாஃப்டை உடனே அளக்கக் கூடாது. அறைக்குள் ஒரு இரும்புத் தட்டு அடுக்கு உண்டு. அதில் ஒரு ராத்திரி கிடந்து ஆறினால்தான் காலையில் அளக்கலாம். நோட்டில் நான் எழுதிய முதல் வரியே இதுதான்.

தீர்த்த பாட்டில் சங்கதியையும் சொல்லிவிடுகிறேன். கோயிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தைச் சின்ன பாட்டிலில் ஊற்றி, அறைக்கு வெளியே ஜன்னல் விளிம்பில் வைத்திருப்பேன். காலையில் ஒரு விரலைத் தொட்டு நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டு, கையைச் சேலையில் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். இந்த இரண்டு வருஷத்தில் அந்தக் கருங்கல் மேல் என் வியர்வைகூட விழுந்ததில்லை. தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவளே நான்தான்.

வைகாசியில் முதலாளி மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தத்தன்று பூ விலை எகிறிவிடும் என்று இரண்டு நாள் முன்னாலேயே மல்லிகை மொட்டை மொத்தமாக வாங்கிவிட்டார். அதை வைக்கக் குளிர்ந்த இடம் வேண்டுமே. நான் காலையில் கதவைத் திறந்தால், ஷாஃப்ட் வைக்கிற தட்டு முழுக்க ஈரத்துணி மூடிய பூக்கூடைகள். தரையிலும் கூடைகள். ஏ.சி.யைப் பதினாறில் வைத்திருந்தார்கள். அறை முழுக்கத் தலை சுற்றுகிற வாசம்.

"சார், இது என்ன சார்?"

"பூம்மா. ரெண்டு நாளைக்குத்தான். குளுகுளுன்னு இருக்கட்டும்."

"அப்ப ஷாஃப்ட எங்க சார் வைக்கிறது?"

"வெளியவே கெடக்கட்டும். அளக்குறப்ப ஒண்ணொண்ணா உள்ள கொண்டு வா."

"சூடா இருக்கும் சார். ஒரு ராத்திரி ஆறணும்ல."

"ஆறுறதுக்கு அது என்ன இட்லியா? சாயங்காலம் லாரி வருது. அளந்து குடும்மா, பெரிய டீச்சர் மாதிரி."

கூடை தூக்கி வந்த ஆட்கள் சிரித்தார்கள். மத்தியானம் அந்த ஷாஃப்ட்டுகளை வெறுங்கையால் பிடிக்க முடியவில்லை, துணி வைத்துத் தூக்கினேன். சூட்டில் நீண்டிருந்ததால் மிஷின் எல்லாவற்றையும் நீளம் கூடுதல் என்றது. கூடுதல் என்றால் தேய்த்துக் குறைக்க வேண்டும். அளவைச் சொல்லச் சொல்ல, தேய்க்கிற அண்ணன் தேய்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் எல்லாம் சரி என்று வந்தது. அதுவும் சூட்டில்தான். ஆறினால் குட்டையாகிவிடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே தாளில் கையெழுத்துப் போட்டேன். இதில் யார் மேல் கோபப்படுவது என்றால் முதலில் என் மேல்தான் பட வேண்டும். ஒருநாள் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள, இல்லாத அளவை இருக்கிறது என்று எழுதியிருக்கிறேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. நானும் போய்ச் சாப்பிட்டேன். பத்து நாள் கழித்து ஷாஃப்ட் முழுவதும் திரும்பி வந்தது. எல்லாமே குட்டை, ஒன்றுகூடத் தேறாது.

வாங்கின கம்பெனி ஒரு படிவம் அனுப்பியிருந்தது. என்ன தப்பு நடந்தது, ஏன் நடந்தது, இனி நடக்காமலிருக்க என்ன செய்வீர்கள் என்று எழுதி, அளந்தவர் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். முதலாளி அதைத் தானே டைப் அடித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா."

"என்ன எழுதியிருக்கு சார்?"

"படிச்சு என்ன பண்ணப் போற, போடு."

எனக்கு இங்கிலீஷ் சரளமாக வராது. ஆனால் எங்கள் பள்ளிக்கூடப் பெயர்ப் பலகையில் இருந்த 'ஹோலி', அதாவது புனிதம், என்ற எழுத்துகளை எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும். ஷாஃப்ட் காகிதத்தில் அந்த வார்த்தைக்கு என்ன வேலை? விடாமல் கேட்டேன். கடைசியில் அவரே சொன்னார். அளக்கிற பெண் பக்தியில் தீர்த்தம் தெளித்ததால் மிஷின் தப்பாகக் காட்டியது. இனி அறைக்குள் சாமி கும்பிடத் தடை போடுகிறோம். இதுதான் அவர் கண்டுபிடித்த காரணம்.

"நான் எப்ப சார் மிஷின்ல தண்ணி தெளிச்சேன்?"

"உன் பாட்டில்தான ஜன்னல்ல இருக்கு?"

"அது என் நெத்திக்கு சார்."

"நெத்திக்கோ மிஷினுக்கோ, தண்ணி தண்ணிதான?"

"தட்டுல பூ இருந்துச்சுன்னு எழுதுங்க."

"எம் மக கல்யாணப் பூவ எழுதச் சொல்றியா? சிரிப்பாங்கம்மா."

"தீர்த்தம்னு எழுதினா சிரிக்க மாட்டாங்களா?"

"உன்னயப் பாத்துத்தான சிரிப்பாங்க" என்றார். குரலை உயர்த்தாமல், கணக்கு சொல்லிக் கொடுக்கிறவர் மாதிரி சொன்னார். மெயிலில் விஷயத்தை முன்னமே அனுப்பிவிட்டாராம். என் கையெழுத்து மட்டும்தான் பாக்கியாம். திங்கட்கிழமைக்குள் போட்டால் வேலை இருக்கும், இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வாராம்.

இவர் வேறு மதக்காரர் என்றால்கூட, தெரியாமல் பேசிவிட்டார் என்று விட்டிருப்பேன். எங்கள் பங்குக் கோயில்காரர்தான், ஞாயிற்றுக்கிழமை ஒரே பூசைக்கு வருகிறவர். பட்டறையில் சார், கோயிலில் அண்ணே. தீர்த்தம் என்றால் என்ன என்று தெரிந்த மனிதர், தன் பூக்கூடையை மறைக்க அதை இழுத்திருக்கிறார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். கத்தரிக்காயைத் தரம் பிரித்துக்கொண்டே கேட்டார். "போட்டுத் தொலச்சிட்டு வா புள்ள. சாமிக்குத் தெரியும்ல."

"சாமிக்குத் தெரியும். அந்தக் கம்பெனிக்காரருக்குத் தெரியாதுல்ல."

"வேல போச்சுன்னா?"

அன்றைக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் எதுவும் வைக்கவில்லை. இருவரும் மோர்ச்சோற்றைக் குடித்துவிட்டுப் படுத்தோம்.

வெள்ளிக்கிழமை கோயம்புத்தூர் இன்ஜினியர் மிஷினைச் சோதிக்க வந்தார். அளவு தெரிந்த எஃகுக் கட்டைகளை வைத்துக் காலையிலிருந்து சோதித்தார். மிஷினில் ஒரு குறையும் இல்லை. முதலாளி அவரை வெளியே அழைத்துப்போய்ப் பேசினார். திரும்பி வந்த இன்ஜினியர் சர்வீஸ் தாளில் 'சுத்தம் செய்து சரிசெய்யப்பட்டது' என்று எழுதி, பச்சை ஸ்டிக்கர் ஒட்டினார்.

"தம்பி, எதச் சுத்தம் பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"ஏனுங்கக்கா, வழக்கமாத் தொடைக்கறதுதானுங்க."

"எதச் சரி பண்ணீங்க? கெட்டாத்தான சரி பண்ண முடியும்?"

பையை மூடிக்கொண்டே சொன்னார். "நானும் சம்பளத்துக்கு வாரவன்தானுங்கக்கா. அடுத்த வருஷமும் இவருதான் எங்களக் கூப்புடோணும்."

எனக்கு அந்த மிஷினைச் சொல்லிக் கொடுத்தவர் அவர். தொட்டால் பொய் சொல்லாது என்று பெருமையாகச் சொன்னவரும் அவர்தான். அவ்வளவு விலை கொடுத்து, அவ்வளவு நுட்பமான சாமானை இறக்கி, கடைசியில் ஒரு பச்சை ஸ்டிக்கரில் பொய்யை ஒட்டிவிட்டுப் போகலாம் என்றால் இதற்குப் பழைய முழக்கோல் போதாதா? பஸ்ஸில் வீடு வரும்வரை இதே நினைப்பு. பக்கத்தில் இருந்தவள் என்னக்கா உதடு அசைகிறது, செபமா என்றாள்.

சனிக்கிழமை ஒரு காரியம் செய்தேன். திரும்பி வந்த ஷாஃப்ட்டில் ஒன்றை எடுத்துக் காலையில் குளிர்ந்த நிலையில் அளந்தேன். குட்டை. அதையே முற்றத்து வெயிலில் மத்தியானம் வரை போட்டு, துணியில் பிடித்து வந்து அளந்தேன். சரியான நீளம். தேதி, நேரத்தோடு இரண்டையும் தாளில் எடுத்துக்கொண்டேன். தேய்க்கிற அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆத்தாடி, நான் தேச்சதெல்லாம் சூட்டையா?" என்றார். மறுபடி தேய்க்கிற மிஷினுக்கே போய்விட்டார். அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

திங்கட்கிழமை காலை முதலாளி படிவத்தை நீட்டியபோதே போன் அடித்தது. வாங்கின கம்பெனியின் தர அதிகாரி. அளந்த பெண்ணிடம் பேச வேண்டும் என்றார். முதலாளி போனை மேஜையில் வைத்து, சத்தமாகக் கேட்கும்படி செய்துவிட்டு, என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். சரி என்று சொல் என்பது போல.

"ஏம்மா, நீங்கதான் தண்ணி தெளிச்சீங்களா?"

சின்ன வயசில் கோயில் ஞானோபதேச வகுப்பில் படித்த பொய்ச்சாட்சி இதுதானே, அதுவும் எனக்கு எதிராக நானே சொல்கிற பொய்ச்சாட்சி என்று தோன்றியது.

"இல்ல சார். ஷாஃப்ட ஆற விடல. சூடா அளந்தேன்."

"ஏன் ஆற விடல?"

"வைக்கிற தட்டுல பூ இருந்துச்சு சார்."

"என்ன இருந்துச்சு?"

"மல்லிகைப்பூ சார். முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு."

அவர் சிரிக்கவில்லை. வெளியே எத்தனை டிகிரி இருக்கும், ஷாஃப்ட் எவ்வளவு நேரம் அறைக்குள் இருந்தது, திரும்பி வந்ததில் எவ்வளவு குறைகிறது என்று வரிசையாகக் கேட்டார். சனிக்கிழமை எடுத்த அளவு இரண்டையும் சொன்னேன். "இதத்தாம்மா எழுதணும்" என்றார். "தப்பான அளவுல கையெழுத்துப் போட்டதும் தப்புதான், தெரியுதா?" என்றும் கேட்டார். தெரியுது சார் என்றேன். இனிமேல் ஒவ்வொரு சரக்குக்கும் ஆற வைத்த நேரத்தை எழுதி நானே கையெழுத்துப் போட வேண்டும் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு வைத்தார்.

முதலாளி முகம் கறுத்துவிட்டது. "எம் மக கல்யாணத்தச் சந்தி சிரிக்க வச்சிட்டேல்ல."

"தீர்த்தம்னு எழுதினது தப்புன்னு ஒரு கடுதாசி போடுங்க சார்."

"போனது போயிருச்சு. போய் வேலையப் பாரு."

நான் போகவில்லை. பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். நான்கு நாள் கத்தரிக்கு மருந்தடித்தேன். ஐந்தாம் நாள் முதலாளி தேய்க்கிற அண்ணனை அனுப்பியிருந்தார். என் கையெழுத்து இல்லாமல் சரக்கை ஏற்ற முடியவில்லை. கடிதம் போட்டால் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் அதன் நகல் வந்தது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியையிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். தீர்த்தம் பற்றி எழுதியது 'தவறான புரிதலால்' நேர்ந்தது என்று இருந்தது.

புரியாமல் எழுதினாரா? புரிந்துதான் எழுதினார். யாரைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்றுகூடக் கணக்குப் போட்டு எழுதினார். பாவமன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியாரிடம் இந்தக் கோபத்தைச் சொன்னேன். மன்னித்துவிடச் சொன்னார். சூடாக அளந்து கையெழுத்துப் போட்டதையும் சொன்னேன், அதற்கு மாதாவை நோக்கி மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். மந்திரத்தை அன்றே சொல்லி முடித்தேன். மன்னிப்பு இன்னும் வரவில்லை. முயற்சி செய்கிறேன் என்று சேசுவிடம் தினமும் சொல்கிறேன்.

நகல் வந்த மறுநாள் வேலைக்குப் போனேன். வாசலில் லாரி நின்றிருந்தது. முந்தின ராத்திரி தட்டில் வைத்ததாகச் சொன்ன ஷாஃப்ட்டுகளில் கை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தன. காலையில்தான் யாரோ கொண்டுவந்து அடுக்கியிருக்கிறார்கள். முதலாளி கதவருகே நின்று கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாளைக்குத்தான் அளக்க முடியும் சார்" என்றேன். கதவைச் சாத்தினேன்.