என் படம், எவனுடைய கணக்கு?

என் நாத்தனார் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பிறகு, ஏழை நோயாளிகளுக்கு உதவும் ஓர் அறக்கட்டளைக்காக மாரத்தான் ஓடி நிதி திரட்ட முடிவு செய்தேன். அதுவரை நான் பஸ் பிடிக்கக்கூட ஓடியதில்லை. பயிற்சி தொடங்கியதும், அறக்கட்டளை தந்த கியூஆர் கோடை என் படத்தோடு சேர்த்து வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பினேன்.

ஒரு நாள் பம்மலிலிருந்து என் அக்கா போன் செய்தாள்.

"ஏண்டி, ஸ்கேன் பண்ணா எவனோ ஒருத்தன் பேரு வருது. டிரஸ்ட் பேரையே காணோமே?"

தூக்கிவாரிப் போட்டது. அவளுக்கு வந்த படத்தை வாங்கிப் பார்த்தேன். என் சிரிப்பும் நான் எழுதிய வரிகளும் அப்படியே இருந்தன. கியூஆர் கோடை மட்டும் யாரோ மாற்றியிருந்தார்கள். அவள் கவனிக்காமல் பணம் போட்டிருந்தால், நான் ஒரு திருடனுக்காக ஓடியிருப்பேன்.

அக்காவுக்கு அனுப்பியவரைக் கேட்டேன். "ஏதோ குரூப்ல வந்துச்சுங்க, ஃபார்வேர்டு பண்ணேன்" என்றார். அதற்கு மேல் தடம் கிடைக்கவில்லை. அறக்கட்டளைக்குச் சொன்னேன், சைபர் கிரைமில் புகார் கொடுத்தேன், எல்லாக் குழுக்களிலும் எச்சரித்தேன். ஆனாலும் தாம்பரத்தில் என்னோடு ஓடுபவர்கள், "எவ்ளோ சேர்ந்துச்சு அக்கா?" என்று கேட்டாலே, இவராக இருக்குமோ என்று முகத்தைப் பார்க்கத் தொடங்கினேன்.

ஓட்டத்தை விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. "எவனோ பண்ணதுக்கு நீங்க ஏன் அண்ணி நிக்கணும்?" என்றாள் நாத்தனார்.

ஓடி முடித்தேன். வழியெல்லாம் கைதட்டியவர்களையும் சந்தேகத்தோடுதான் பார்த்தேன்.

இப்போதும் நிதி திரட்டுகிறேன். ஆனால் படம் அனுப்புவதில்லை. நேரில் போய், என் போனிலேயே கியூஆர் கோடைக் காட்டி, "பேரைச் சத்தமா படிச்சிட்டுப் போடுங்க" என்கிறேன்.

— கோமதி, முடிச்சூர்