கொட்டாங்கச்சியில் உறைந்த கூழ்

உறைந்த கேழ்வரகுக் கூழுக்கு வாசனை கிடையாது. முதல் நாள் புளித்த நெடி முழுவதும் பனிக்குள் ஒடுங்கிக்கொள்ளும். நாயின் நாக்கு பட்டுப் பட்டு இளகும்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். பத்து வயதில், ஒரு கோடை விடுமுறையில், யாரும் வராத வீட்டில் உட்கார்ந்து நான் கண்டறிந்த உண்மை இது.

யாரும் வராததற்குக் காரணம் எனக்குப் போட்டிருந்த அம்மை. அம்மாவுக்குப் பிரசவ நாள் நெருங்கியிருந்ததால், முதல் கொப்புளம் தெரிந்த அன்றே அவளைக் களமருதூருக்கு, தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா கால்நடை ஆய்வாளர். கல்வராயன் மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றின் மருந்தகத்தில் வேலை. மருந்தகத்தின் பின்பக்கமே எங்கள் குடியிருப்பு. காலையில் அவரும் உதவியாளர் முனுசாமியும் சைக்கிளில் ஊர் ஊராகக் கிளம்பிவிட்டால், மூன்று மணி வரை நானும் கொப்புளங்களும்தான். தன் மனைவி காய்ச்சிய கூழை முனுசாமி வேலிப்படலுக்கு வெளியே வைத்துவிட்டு, "பாப்பா, கூழு வெச்சிருக்கேன். ஆத்தாவ விசாரிச்சேன்னு சொல்லு, என் வூட்டுப் பக்கம் வர வேணாம்னும் சொல்லு" என்று குரல் கொடுப்பார்.

வாசலில் செருகிய வேப்பிலைக்குப் பொருள் தெரியாத ஒரே ஜீவன் செவலை என்ற தெருநாய். அது தினமும் வந்து, துவைக்கிற கல்லருகே ஈரமண்ணைத் தோண்டி வயிற்றைப் பதித்துப் படுத்து, நாக்கைத் தரைவரை தொங்கவிட்டு மூச்சு வாங்கும். எனக்குக் குளிர்ச்சிக்கு இளநீர், மோர், கூழ் என்று மூன்று வேளையும் ஏற்பாடு இருக்க, அதற்கு மட்டும் எதுவும் இல்லாதது அநியாயமாகப் பட்டது.

மருந்தகத்தில் ஒரு ஃப்ரிட்ஜ் இருந்தது. அதன் சாவி எங்கள் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கியது. மேலே உள்ள பனி அறையில் 'வெக்கை நோய்' தடுப்பு மருந்து, அட்டை டப்பாக்களில் அடுக்கியிருந்தது. அந்த நோய் கண்டால் மாட்டுக்கு வாய் புண்ணாகி, வயிறு கழிந்து, ஒரே வாரத்தில் கொட்டகை காலியாகும். மருந்தை அந்த அறையிலிருந்து நகர்த்தக் கூடாது என்பது எனக்குத் தெரியாது. டப்பாக்களை வெளியே வைத்தால்தான் நான்கு கொட்டாங்கச்சிகளுக்கு இடம் கிடைக்கும் என்பது மட்டும் தெரிந்தது.

முதல் நாள் என் ருசிப்படியே உப்பும் சின்ன வெங்காயமும் போட்டேன். செவலை வெங்காயத்தை ஒவ்வொன்றாக ஒதுக்கித் துப்பியது. நாய்க்கு வெங்காயம் ஆகாது என்று நான் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். அது படிக்காமலே தெரிந்து வைத்திருந்தது. மறுநாளிலிருந்து வெறும் கூழும் தண்ணீருமாக ஊற்றி உறைய வைத்தேன். அது கொட்டாங்கச்சியை முன்னங்கால்களுக்கிடையில் பிடித்துக்கொண்டு, உருண்டால் துரத்திப்போய், அரைமணி நேரம் நக்கும். அந்த வாரம் என்னுடன் உட்கார்ந்து சாப்பிட்டது அது ஒன்றுதான். அப்பா வருவதற்குள் டப்பாக்களைப் பழையபடி அடுக்கிவிடுவேன்.

ஐந்தாம் நாள் காலை, மலைமேல் ஒரு ஊரில் ஊசி போடும் முகாமுக்காக அப்பா மருந்தை எடுத்தபோது, மறந்துபோன ஒரு கொட்டாங்கச்சி பனியோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

"இன்னா சார், ஆத்தா ஆபீசுக்கே வந்து கூழு குடிச்சிக்கினு இருக்காளா?" என்று முனுசாமி சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

"எத்தினி நாளா?" என்று என்னைக் கேட்டார்.

"நாலு நாளு."

"டப்பாவ எங்க வெச்ச?"

"மேச மேல."

"எவ்ளோ நேரம்?"

"கூழு கெட்டியாவுற வரைக்கும்."

முனுசாமிக்கு விஷயம் புரிந்தது. "கரண்டு போச்சுன்னு எழுதிடுங்க சார். நம்ம ஊர்ல கரண்டு போச்சுன்னா எந்த ஆபீசரு நம்ப மாட்டாரு? மருந்தும் பாக்கறதுக்கு நல்லாத்தான கீது."

"பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும். செத்த மருந்தக் குத்திட்டு வந்தா, மாட்டுக்காரன் இனி பயமில்லைன்னு நம்பிக்கினு இருப்பான்."

அவ்வளவு புட்டிகளையும் அண்டாவில் கொதிக்க வைத்துக் குழிதோண்டிப் புதைத்தார். பிறகு, மாடுகளைக் கூட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தவர்களிடம் மருந்து இல்லை என்று சொல்வதற்காகவே மலையேறினார். புது மருந்து வர ஒன்பது நாள் ஆயிற்று. அதற்குள் அந்த ஊரில் இரண்டு உழவு மாடுகள் செத்தன. "அதுங்க கெய மாடு பாப்பா, வயசு ஜாஸ்தி" என்றார் முனுசாமி. அப்பா என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. சாவி அவர் சட்டைப்பைக்குப் போயிற்று. ஒவ்வொரு மதியமும் செவலை மருந்தகக் கதவைப் பிராண்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கும். சில நாளில் வருவதையும் நிறுத்திக்கொண்டது.

என் பெயர் எங்கோ ஒரு அரசுக் கோப்பில் ஏறிவிட்டது என்றே நம்பி வளர்ந்தேன். வருவாய்த் துறையில் வேலை கிடைத்தபோது, நன்னடத்தை விசாரணையில் இரண்டு மாடுகளைப் பற்றிக் கேட்பார்கள் என்று பயந்தேன். முப்பது ஆண்டுகள் மற்றவர்களிடம் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை எழுதிய நான், அப்பாவிடம் ஒரு வரி கேட்டதில்லை. அவர் இறந்து, அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்துக்காகப் பணிப்பதிவேட்டைப் புரட்டியபோதுதான் மருந்து வீணானதற்கு அவர் வாங்கிய கண்டனமும், பின்னால் தைத்திருந்த அவருடைய விளக்கமும் கண்ணில் பட்டன. "சாவியை ஆணியில் மாட்டிச் சென்றது என் தவறு. வேறு எவருக்கும் இதில் பொறுப்பில்லை." நடைமுறைப்படி அது முழுமையான விளக்கம் அல்ல. நான் மேலதிகாரியாக இருந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

வெக்கை நோய் இன்று உலகத்திலேயே இல்லை. அந்தத் தடுப்பு மருந்தை யாரும் கேட்பதுமில்லை. அப்பா, அம்மா, முனுசாமி யாரும் இல்லை. அந்தக் கோடையில் பிறந்த தம்பி வெளிநாட்டில் இருக்கிறான். கள்ளக்குறிச்சியில் தனியாக இருக்கும் நான், வெயில் ஏறியதும் தெருநாய்கள் இரண்டுக்கு உப்பில்லாமல் கூழ் கரைத்து, கிண்ணங்களில் ஊற்றி ஃப்ரிட்ஜைத் திறக்கிறேன். பனி அறை முழுவதும் காலி. இடம் பண்ணுவதற்காக வெளியே எடுத்து வைக்க ஒன்றுமே இல்லை.