கோணல் வாயோடு திருவிருந்துக்கு

ஒரு திங்கட்கிழமை காலை, வாய் கொப்பளித்த தண்ணீர் இடப்பக்கத்தால் வழிந்து சட்டையை நனைத்தது. பின்னால் நின்ற கணவர் என்னைத் திருப்பிப் பார்த்தார்.

"இஞ்சரும், உம்மடை முகம் ஒரு பக்கம் இழுத்துக் கிடக்கு. வெளிக்கிடும், ஆஸ்பத்திரிக்குப் போவம்."

பாரிசவாதம் (பக்கவாதம்) என்றே பயந்தேன். வைத்தியர் கண்ணை மூடச் சொன்னார். இடக்கண் மூடவில்லை.

"பயப்பிடாதேங்கோ அம்மா, மூளையிலை ஒண்டும் இல்லை. இது முகவாதம். கனபேருக்கு மாறும், நாள் எடுக்கும்."

முகவாதம் (முகத்தசையை இயக்கும் நரம்பு வீங்கி ஒரு பக்கம் அசையாமற் போவது) என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். ஸ்டீரொயிட் (வீக்கத்தைக் குறைக்கும் மருந்து) குளிசைகளும் கண்ணாடி முன் செய்ய முகப்பயிற்சியும் தந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியைத் துவாயால் மூடினேன். உண்மையைச் சொன்னால், நான் என் முகத்தில் பெருமை கொண்டவள். எங்கள் கிறிஸ்தவக் கோவிலில் வேதம் வாசிக்க எழும்புமுன் சேலை மடிப்பை மூன்று தரம் சரிபார்ப்பேன். அதே வாயால்தான் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்கு, வெளியழகு வாடிப்போகும், உள்ளே இருப்பதே நித்தியம் என்று படிப்பித்தேன். ஊருக்குத்தானே உபதேசம்!

நான்கு ஞாயிறு கோவிலுக்குப் போகவில்லை. ஐந்தாவது, அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து ஞாயிறு. எங்கள் சபையில் எல்லோரும் ஒரே கிண்ணத்தில் குடிப்போம். எல்லார் முன்னாலும் ரசம் வழிந்தால்? அதற்குப் பயந்து கர்த்தருடைய பந்தியையே விடத் துணிந்தேன்.

"பிள்ளையளுக்குச் சொன்னதெல்லாம் மற்றவையின்ரை முகத்துக்கோ?" என்றார் கணவர்.

கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே சேலையை உடுத்திக்கொண்டு வெளிக்கிட்டேன்.

பீடத்தின் முன் முழந்தாளிட்டேன். பயந்தபடியே திராட்சரசம் வழிந்து வெள்ளைச் சேலையில் விழுந்தது. போதகர் கிண்ணம் துடைக்கும் துணியால் என் நாடியைத் துடைத்தார்.

"வலப்பக்கம் சரியுங்கோ அக்கா, இன்னொருக்கால் தாறன்."

குடித்தேன். மூடாத கண்ணும் சேர்ந்து அழுதது. இரு பக்கமும் இருந்தவர்கள் கண்மூடிச் செபித்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை நாளும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான்.

அன்றே கண்ணாடியில் கிடந்த துவாயை எடுத்து, பயிற்சியைத் தொடங்கினேன். உங்களுக்கும் இது வந்திருந்தால் பயிற்சியை விடாதீர்கள், முகத்துக்காக வீட்டுக்குள் ஒளிந்திருக்காதீர்கள்.

சேலையில் அந்தக் கறை போகவில்லை. திருவிருந்துக்கு அதைத்தான் உடுக்கிறேன். மறுபடி வேதமும் வாசிக்கிறேன். சிரிக்கும்போது மட்டும் வலப்பக்கம் முந்திவிடுகிறது, இடப்பக்கம் கொஞ்சம் பிந்தித்தான் வருகிறது. எதற்கும் பொறுமையில்லாத நான், அது வந்து சேருமட்டும் சிரிப்பை விடாமல் வைத்திருக்கிறேன்.